ஏணிக்கு எத்தனை படிகள்? தென்னாப்பிரிக்கத் தகுதிச் சட்டகத்தின் கதை

ராபன் தீவுச் சிறைவாசிகள் சுண்ணாம்புக் கல்குழியில் ஆண்டுக்கணக்கில் கடப்பாறையும் மண்வெட்டியுமாக உழைத்தார்கள் என்பதை நாம் அறிவோம். அங்கே கல்வியும் நடந்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று வந்த நெவில் அலெக்சாண்டரும், எழுதப் படிக்கத் தெரியாமல் தீவுக்கு வந்து சேர்ந்த கைதிகளும் ஒரே சிறைக்குள் இருந்தார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தார். வரலாறும் பொருளாதாரமும் எழுத்தறிவும் அந்தச் சுண்ணாம்புப் புழுதிக்கு நடுவே கைமாறின. சிலர் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமான யூனிசாவில் அஞ்சல் வழியாகப் படித்தார்கள். மண்டேலா அவ்வழியே சட்டப் பட்டம் பெற்றபோது ஆண்டு 1989; அவர் அப்போதும் கைதிதான். ஆனால் குழிக்குள் நடந்த பாடங்களுக்கு எந்தத் தாளும் கிடையாது. கற்றது கற்றதுதான், சான்று மட்டும் இல்லை.

சான்றில்லாத கற்றலை ஒரு நாடு எவ்வாறு கணக்கில் எடுத்துக்கொள்வது? 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் நிறைவேறிய தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையச் சட்டத்தை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கி வாசிப்பதே சரி என்று நமக்குப் படுகிறது. ஆட்சிமாற்றம் நிகழ்ந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. புதிய நாடாளுமன்றம் இயற்றிய முதல் கல்விச் சட்டங்களில் ஒன்று பள்ளிக் கட்டடம் பற்றியதன்று, ஆசிரியர் ஊதியம் பற்றியதன்று. தேசியத் தகுதிச் சட்டகம் ஒன்றை உருவாக்குவது பற்றியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வியப்பளிக்கலாம். உள்ளிருந்தவர்களுக்கு வியப்பில்லை.

காரணம் தொழிற்சாலைகளில் இருந்தது. 1922-ஆம் ஆண்டின் தொழிற்பயிலுநர் சட்டம் நிறத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. அந்த வகுப்புவரை படிக்கும் வாய்ப்பே கறுப்பருக்கு இல்லை. எனவே வெள்ளையர் கைவினைஞர் ஆனார், அவரருகே நின்று பல நேரங்களில் அதே வேலையைச் செய்த கறுப்பர் 'உதவியாள்' ஆனார். கல்வித் தகுதி என்ற சொல் மதிலாகவும் பயன்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1953-இல் வந்த பண்ட்டுக் கல்விச் சட்டம் மதிலை இன்னும் உயர்த்தியது. அதைக் கொண்டுவந்த ஃபெர்வூர்ட், ஒருசில வகை உடலுழைப்புக்கு மேல் கறுப்பருக்கு இடமில்லாத சமூகத்தில் அவர்களுக்கு அதற்கு மேற்பட்ட கல்வி எதற்கு என்று வெளிப்படையாகவே கேட்டவர்.

உயர்கல்வியிலும் இதே கதைதான். 1959-இல் 'பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம்' என்ற பெயரில் ஒரு சட்டம் வந்தது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவை மற்றவர்களுக்கு அடைத்த சட்டம் அது. ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிக் கல்லூரிகள் எழுந்தன. டர்பன் துறைமுகத்தை ஒட்டிய சாலிஸ்பரித் தீவில், முன்னர் கடற்படை பயன்படுத்திய கட்டடங்களில், 1961-இல் இந்தியர்களுக்கான பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் படகேறி வகுப்புக்குப் போனார்கள். தேர்வும் பட்டமும் யூனிசாவினுடையவை. ஒரே தாள்தான், ஆனால் அதை எங்கே உட்கார்ந்து பெற்றார் என்பதை வைத்து அதன் மதிப்பு மாறியது. அக்கல்லூரியே பின்னர் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாக வளர்ந்து, 2004-இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகமாயிற்று.

தகுதிச் சட்டகம் என்ற எண்ணத்தை முதலில் பற்றிக்கொண்டவர்கள் கல்வியாளர்கள் அல்லர், தொழிற்சங்கத்தினர். 1973-இல் டர்பனில் ஒரு செங்கல் தொழிற்சாலையில் தொடங்கி நகரெங்கும் பரவிய வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு கறுப்பர் சங்கங்கள் வலுப்பெற்றன. 1979-இல் வீஹான் ஆணையத்தின் பரிந்துரையால் அவற்றுக்குச் சட்ட ஏற்பும் கிடைத்தது. ஊதிய உயர்வு கேட்டுக் கேட்டு அலுத்த உலோகத் தொழிலாளர் சங்கம் 1980களின் இறுதியில் வேறொன்றைக் கேட்கத் தொடங்கியது. எங்கள் ஆட்களுக்கு வேலை தெரியும். அந்தத் தெரிதலுக்குப் பெயர் வையுங்கள், பெயருக்கு ஒரு படி கொடுங்கள், படிக்கு ஏற்ற கூலி கொடுங்கள் என்பது கோரிக்கையின் சாரம். ஆஸ்திரேலியச் சங்கங்கள் இவ்வழியில் முன்னே சென்றிருந்தன. தரை பெருக்குபவர் பொறியாளர் ஆகும்வரை இடையில் அறுபடாத ஒரு பாதை வேண்டும் என்பது அன்றைய கனவு. அது நகைக்கத்தக்க கனவன்று. உதவியாள் என்ற பெயரிலேயே முப்பது ஆண்டு உழைத்த ஒருவரின் இடத்திலிருந்து பார்த்தால் அதன் கனம் புரியும்.

1995-இன் சட்டம் 8 படிகள் கொண்ட ஏணியை நிறுத்தியது. முதற்படி பொதுக்கல்வி, 2 முதல் 4 வரை மேற்பயிற்சி, 5 முதல் 8 வரை உயர்கல்வி. அறிவுலகம் முழுவதும் 12 துறைகளாகப் பகுக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு தேசியக் குழு அமைந்தது. அதற்குக் கீழே தரங்களை எழுதும் குழுக்கள், தரம் காக்கும் அமைப்புகள். எல்லாவற்றுக்கும் முதலெழுத்துச் சுருக்கங்கள். அவற்றை மனனம் செய்வதற்கே தனித் தகுதி வேண்டும்போல. நியூசிலாந்திடமிருந்து பெற்ற ஒரு கருத்து இதன் உயிர்நாடி. எங்கே, எவரிடம், எத்தனை ஆண்டு படித்தாய் என்று கேளாதே. முடிவில் உன்னால் என்ன செய்ய இயலும் என்று மட்டும் கேள். கற்றலைச் சிறுசிறு 'அலகுத் தரங்களாக' உடைத்தால், கல்லூரியில் கற்றவரும் பட்டறையில் கற்றவரும் அதே அலகுகளைக் காட்டி அதே தகுதியைப் பெறலாம். பத்து மணிநேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட் என்று அளவும் வகுத்தார்கள்.

பல்கலைக்கழகங்கள் இங்கேதான் முரண்டு பிடித்தன. வெள்ளையர் கோட்டைகள் தம் சலுகையைக் காத்துக்கொள்ள எழுப்பிய கூச்சல் என்று அன்று சிலர் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் எதிர்ப்பில் வேறொரு நியாயமும் இருந்தது. இலக்கியம் வாசிக்கும் நமக்கு அது எளிதில் விளங்கும். 'அகப்பாடலின் திணையை இனங்காண்பார்', 'உவமையை எடுத்துரைப்பார்' என்று விளைவுகளாகப் பட்டியலிட்டுச் சங்கப் பாட்டைக் கற்பிக்க முடியுமா? பட்டியலில் உள்ள யாவற்றையும் செய்யத் தெரிந்தும் பாட்டு பிடிபடாதவர் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆண்டுக்கணக்கில் கற்க வேண்டிய பாடங்களை அலகுகளாக நறுக்கினால் அடுக்கு குலைந்துவிடும் என்பதே அவர்கள் வாதம். பட்டங்கள் அலகுகளாக அன்றி முழுமையாகவே பதிவாகலாம் என்ற விட்டுக்கொடுத்தலைக் கடைசியில் அவர்கள் பெற்றார்கள்.

மற்ற இடங்களில் அலகுகள் பெருகின. சில ஆண்டுகளில் 10,000க்கும் மேற்பட்ட அலகுத் தரங்கள் பதிவேட்டில் ஏறின. பெரும்பாலானவற்றை ஒருவர்கூடக் கற்றுத் தேறவில்லை. குழுக்கள் கூடின, எழுதின, கலைந்தன. தாளில் ஏணி நீண்டுகொண்டே போனது. ஏறுவதற்குக் கற்றுத்தரும் கல்லூரிகளும் ஆசிரியர்களும் அதே வேகத்தில் பெருகவில்லை. தொழிற்சங்கப் பக்கத்திலிருந்து இத்திட்டத்தை அணுகி அறிந்த ஸ்டெஃபனி அலே, 2007-இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் ஆய்வேட்டில் இதைச் சட்டகத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும் என்றே எழுதினார். கல்வி நிறுவனங்கள் பலவீனமாக உள்ள நாட்டில் தர வரையறைகள் மட்டும் கல்வியை உண்டாக்கா என்பது அவர் எடுத்துவைத்த வாதங்களுள் ஒன்று. அவரோடு முழுதும் உடன்படாதவர்களும் அந்தப் புள்ளியை மறுப்பது கடினம்.

கல்வித் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் இடையிலான இழுபறி தனி நாடகம். 2002-இல் ஆய்வுக்குழு அறிக்கை தந்தது, 2003-இல் மாற்று வரைவு வந்தது. இரண்டு அமைச்சகங்களும் ஒத்துப்போக மேலும் நான்காண்டுகள் ஆயின. 2008-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2009 ஜூனில் நடைமுறைக்கு வந்தபோது 8 படிகள் 10 ஆகியிருந்தன. முதுகலையும் முனைவர் பட்டமும் ஒரே மேற்படியில் நெருங்கி நின்ற நிலை மாறி, முனைவருக்குத் தனியே 10-ஆம் படி கிடைத்தது. ஒரே சட்டகத்துக்குள் பள்ளி, உயர்கல்வி, தொழில் என்று மூன்று உட்சட்டகங்கள், மூன்று தர மன்றங்கள். எல்லாருக்கும் ஒரே ஏணி என்ற தொடக்ககால ஆசையிலிருந்து ஓரடி பின்வாங்கியது போலவே இது தெரிகிறது. அந்தப் பின்வாங்கலே சட்டகத்தைப் பிழைக்க வைத்தது என்று நாம் கருதுகிறோம்.

ஒழுங்குபடுத்தலுக்கும் விலை உண்டு. 2013-இல் திருத்தப்பட்ட உயர்கல்வி உட்சட்டகத்தில் பி.டெக் பட்டத்துக்கு இடமில்லை. தொழில்நுட்பக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டயம் முடித்தவர்கள் மேலே செல்லப் பிடித்திருந்த கைப்பிடி அதுதான். புதிய மாணவர் சேர்க்கை 2019-ஆம் ஆண்டோடு நின்றது. அதற்கு மாற்றாக மேற்பட்டயம் 7-ஆம் படியிலும் முதுநிலைப் பட்டயம் 8-ஆம் படியிலும் வந்தன.

இலங்கை 2012-இல் தன் தகைமைச் சட்டகத்தை அமைத்துக்கொண்டது. இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் வெளியிட்ட சட்டகம் பட்டப்படிப்பின் முதலாண்டுக்கு 4.5 என்று எண் கொடுத்து முனைவர் பட்டத்தை 8-இல் நிறுத்துகிறது. அரைப் படிகளும் உண்டென்பது புதுமை. நம் தறிக்கூடங்களிலும் சிற்பப் பட்டறைகளிலும் தாளில்லாமல் கற்றவர்களை இந்த எண்கள் எப்படிச் சந்திக்கப் போகின்றன என்பதைக் கவனிக்க விரும்புவோருக்குத் தென்னாப்பிரிக்காவின் முப்பதாண்டு ஆவணங்கள் திறந்தே கிடக்கின்றன. அங்கே 'முன்கற்றல் அங்கீகாரம்' சட்டகத்தில் தொடக்கம் முதலே இருக்கிறது. ஆனால் அனுபவத்தை ஆவணமாக்கி எழுதிக் காட்டும்படி கேட்கும்போது, எழுதத் தெரியாததாலேயே வெளியில் நின்றவர் மறுபடியும் வாசலில் நிற்கிறார்.

1995 பிப்ரவரியில், சட்டம் நிறைவேறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, ராபன் தீவின் முன்னாள் கைதிகள் மண்டேலாவோடு அதே சுண்ணாம்புக் குழிக்குத் திரும்பிச் சென்றார்கள். அவர் ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்தார். மற்றவர்களும் ஆளுக்கொன்றாக வைத்தார்கள். பல அளவுகளில், ஒழுங்கேதுமின்றிக் கிடக்கும் அந்தக் குவியல் இன்றும் அங்கே உள்ளது.