கொல்லிமலைச் சாமையும் குழுக் கடனும்



கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனா இன்னைக்கு மரவள்ளி, மிளகு, காப்பிதான் கண்ணில் படும். முன்னாளில் அங்கே சாமையும் தினையும் கேழ்வரகும்தான் சாப்பாடு. அது ஏன் குறைஞ்சுதுங்க? ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்குக்கு ரொக்கம் கொடுத்தது ஒரு காரணம். இன்னொன்று, உரல். சாமையின் உமி போகப் பெண்கள் மணிக்கணக்கில் குத்த வேண்டும். குத்திப் பார்த்தவங்களுக்குத்தான் அந்தக் கைவலி தெரியும்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989-ல் தர்மபுரியில் தொடங்கியது. 1992-ல் நபார்டு, 500 குழுக்களை இலக்காக வைத்து வங்கிக் கடன் சோதனை ஆரம்பித்தது. பிறகு கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில், குழுக்களின் கைக்கு உமி நீக்கும் இயந்திரம் வந்தது. உரல் வேலை குறைந்தது. சாமை அரிசியும் மாவும் மலையிறங்கி விலைக்குப் போயின.

ஆனா ஒரு சிக்கலைப் பாருங்க. கடன் தவணை மாசாமாசம் வரும்; சாமை வருஷத்துக்கு ஒரு தரம்தான் களத்துக்கு வரும். அறுவடையில் தானியம் வாங்கி வைக்கப் பணமில்லாவிட்டால், மீதி மாசம் இயந்திரம் சும்மா நிற்கும். இயந்திரத்துக்கு மட்டும் கடன் வாங்கினால் அரைக் கிணறுதான்.

ஐதராபாத்தில் 104 குடியிருப்புகளில் பாதியில் மட்டும் முதலில் சிறுகடன் கொடுத்துப் பார்த்தார்கள். முன்பே நன்றாக நடந்த சில தொழில்களுக்கு லாபம் கூடியது. புதுசாத் தொடங்கினவை பெரும்பாலும் சிறுசாகவே இருந்தன. ஆகவே கையெழுத்துப் போடுமுன், தவணையை அறுவடை மாசத்தோடு சேர்த்து வைக்க முடியுமான்னு வங்கியில் கேட்டுப் பாருங்க.