மெயின்கார்டு கேட்டில் எந்தக் கார்டு?



நேற்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு அம்மாவும் ஏழெட்டு வயசுப் பையனும். "மெயின்கார்டு கேட்ல எறங்கணும்" என்று அம்மா சொன்னதும் அவன் கேட்டான்: "அங்க என்ன கார்டும்மா, ரேஷன் கார்டா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அவன் கேள்விக்குப் பதில். அது ரேஷன் கார்டு இல்லை, காவல் கார்டு. ஒரு கோட்டையில் படை தங்கியிருந்தால் பல இடங்களில் காவல் போடுவார்கள். அவற்றில் தலைமைக் காவலுக்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர் மெயின் கார்டு. திருச்சிக் கோட்டைக்குச் சுற்றிலும் மதிலும் அகழியும் இருந்தன. மதில் போய்விட்டது, அகழி தூர்ந்துவிட்டது, இந்த வாசல் மட்டும் பெயரோடு நிற்கிறது.

மதில் போன இடம் என்ன ஆயிற்று? மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்று தினமும் சொல்கிறோமே, அதுதான். புலியும் கிடையாது, முனிசிபல் வார்டும் கிடையாது. அது பொலிவார்டு என்ற பிரெஞ்சுச் சொல். அதன் மூலம் பழைய டச்சு மொழியில் கோட்டைக் கொத்தளத்தைக் குறித்த சொல். ஐரோப்பிய ஊர்களில் பழைய மதிலை இடித்து அந்த இடத்தில் அகலமான சாலை போட்டபோது, மதிலின் பெயரே சாலைக்கு நின்றுவிட்டது. நம் ஊரிலும் அதே கதை. ஆகவே புலிவார்டு ரோடு என்னும்போது நாம் அறியாமலே "மதில் தெரு" என்றுதான் சொல்கிறோம். மக்கள் அதைப் புலியாக்கியது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

வார்டு என்றதும் இன்னொன்று. ஆஸ்பத்திரி வார்டு, முனிசிபல் வார்டு இவற்றில் வரும் வார்டும், மெயின்கார்டின் கார்டும் கூடப்பிறந்தவை. இரண்டுக்கும் காவல் என்றுதான் பொருள். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்தன. இங்கிலீஷில் முன்பே வார்டு இருந்தது. அதன் உறவான சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் முதலெழுத்தை மாற்றிக் கார்டு என்று வைத்திருந்தார்கள். அதுவும் உள்ளே வந்தது. வாரண்டியும் காரண்டியும் இப்படிப்பட்ட ஜோடிதான். கடைக்காரர் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வார், கேளுங்கள். வரலாறு பார்த்தால் ஒன்றேதான்.

ரேஷன் கார்டின் கார்டு வேறு வம்சம். நாணல்தாளைக் குறித்த கிரேக்கச் சொல்லில் தொடங்கி, லத்தீன் வழியாக வந்தது. போர்த்துக்கீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன "கடுதாசி"யும் அந்தக் குடும்பம்தான்.

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக அவர்களுக்கும் ஒன்று. 1752 ஜூனில் ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அதன் தளபதி பெயர் லா. ஜாக் லா, ஸ்காட்லாந்து வம்சாவளிக்காரர். எதிர்த்து நின்ற கம்பெனித் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ். "ஸ்ரீரங்கத்தில் லா சரணடைந்தது" என்று ஒருவர் எழுதினால் சட்டம் தோற்றது என்று நினைத்துவிடுவோம். ஸ்காட்லாந்துப் பேச்சில் லா என்றால் குன்று என்றும் ஒரு பொருள் உண்டு.

இனி நான் சிரிக்காத காரணம்.

எண்பதுகளின் தொடக்கம். ஒன்பதாம் வகுப்பு, இங்கிலீஷில் "என் தந்தை" என்று பத்து வரி எழுதச் சொன்னேன். பொன்மலையிலிருந்து வரும் ஒரு பையன். அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டு. அவன் எழுதிய முதல் வரி, "மை ஃபாதர் இஸ் எ கார்டு". காவலின் முதலெழுத்துக்குப் பதில் சீட்டின் முதலெழுத்தைப் போட்டிருந்தான். நான் அதை உரக்கப் படித்தேன். "உங்க அப்பா என்ன, ஆட்டின் ராஜாவா, கிளாவர் ஜாக்கியா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. இங்கிலீஷ் பேச்சில் ஒருவரைக் கார்டு என்றால் கோமாளி என்று ஒரு அர்த்தம் இருக்கிறது என்பதையும் சொல்லி இன்னொரு தடவை சிரிக்கவைத்தேன்.

அவன் நின்றுகொண்டே கேட்டான்: "சார், தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்துதானே சார்?"

"உட்காரு" என்றேன். அதன் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் வகுப்பில் வாய் திறந்து நான் பார்க்கவில்லை.

அவன் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது. 1856-ல் கால்டுவெல் எழுதிய திராவிட ஒப்பிலக்கணத்தில் இது ஒரு விதியாகவே பேசப்படுகிறது. தமிழில் க, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து. ஒலி மட்டும் இடத்துக்கு இடம் மாறும். கல் என்னும்போது வல்லொலி. பக்கம் என்று இரட்டித்தாலும் அப்படியே. தங்கம் என்னும்போது மெல்லினத்தை அடுத்து மெத்தென்று ஒலிக்கும். நாம் யோசித்தா மாற்றுகிறோம்? நாக்கு தானாகச் செய்கிறது. தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் அந்த மெத்தென்ற ஒலி வராது. அப்பாவின் வேலையை வீட்டில் பிறந்ததிலிருந்து தமிழ்ச் சொல்லாகவே கேட்டு வளர்ந்த பிள்ளை, தமிழ் விதிப்படி வல்லொலியில் தொடங்கினான். அவன் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. எழுத்துப் பிழையைத் திருத்துவது என் வேலை. அதை அவன் அப்பாவின் தலையில் ஏற்றியது என் வேலை இல்லை.

பொன்மலைப் பட்டறை 1928-லிருந்து இயங்குகிறது. ரயில்வேக் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் என்னிடம் படித்திருக்கிறீர்கள். 2022-ல் ரயில்வே அந்தப் பதவியின் பெயரையே டிரெயின் மேனேஜர் என்று மாற்றிவிட்டது. இனி எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சிக்கல் இல்லை.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். பெயரை இங்கே போடவில்லை, அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு யார் என்று தெரியும். தொடர்பில் இருப்பவர்கள் இந்தப் பதிவை அவனுக்கு அனுப்புங்கள். ஆமாம்ப்பா, இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்.