மெழுகுத் துணியும் முத்துக்குளிப்போரும்

நீருக்கு எதிராகத் துணியைப் பழக்கியவர்கள் மாலுமிகளே. பாய்த்துணியில் ஆளிவிதை எண்ணெய் பூசி, ஐரோப்பியக் கடலோடிகள் மழையைத் தடுத்தனர்; அத்துணியோ குளிரில் விறைத்தது, நாட்பட மஞ்சளித்தது. 1930-களில் எண்ணெயின் இடத்தை மெழுகு பெற்றது. 1936-இல் இங்கிலாந்தின் ஜே. பார்பர் அண்ட் சன்ஸ் கம்பெனி மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கென மெழுகுப் பருத்தி உடை தைத்தது. காற்றும் மழையும் அதனுட் புகா. கிழிந்தால் ஒட்டுப்போட்டு மீண்டும் அணியலாம். ஆனால் வியர்வையும் எளிதில் வெளியேறாது. வெந்நீரில் துவைத்தால் மெழுகு போய்விடும். மன்னார் வெயிலில் அதை அணிவது ஒரு தண்டனையே!

அதனால் வெப்பநாட்டு உழைப்பாளிக்குக் காப்புடையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? 1905-இல் மன்னார் வளைகுடாவில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை அள்ளி வந்தவர்கள் இடைத்துணியன்றி வேறொன்றும் அணியாதவர்கள். காலடியிற் கல், கையிற் கூடை, அடக்கிய மூச்சு. இவையே அவர்களுடைய கருவிகள். ரப்பரும் கன்வசும் சேர்ந்த மூழ்குடை 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. பாரமானது, அசைவைக் குறைப்பது, மேலே நின்று காற்றடிக்க ஆட்களைக் கேட்பது என்ற குறைகள் அதற்கு உண்டு. எனினும் வெற்றுடம்பு மலிவாகக் கிடைத்தது என்பதே முதற்காரணம் என்பேன். அந்த நூற்றாண்டில் சுறாவுக்கு எதிராக ஆங்கில அரசு அளித்த காப்பு என்ன தெரியுமா? சம்பளம் பெற்ற ‘கடல்கட்டி’யின் மந்திரம்! சிப்பியில் மூன்றில் இரு பங்கை மட்டும் அரசு தவறாமல் எண்ணி எடுத்துக்கொண்டது.