நிர்ப்பந்தமும் குற்றமும்

கழுத்தில் கத்தியை வைத்து ஒருவனைக் குற்றம் செய்யவைத்தால், அக்குற்றம் யாருடையது? சட்ட மேதைகளை நெடுங்காலமாகச் சிந்திக்கவைத்த வினா இது.

மக்காவில் அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்களின் தாயார் சுமைய்யா (ரலி), ஏகத்துவத்தை ஏற்ற காரணத்தால் கொல்லப்பட்டார். சித்திரவதை தாளாத அம்மார், பகைவர் விரும்பிய சொற்களை மொழிந்து உயிர் தப்பினார். பின்னர் அழுதவண்ணம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். அவருடைய உள்ளம் ஈமானில் உறுதியாயிருப்பதைக் கேட்டறிந்த பெருமானார், அவரைத் தேற்றினார்கள். நிர்ப்பந்திக்கப்பட்டவருக்கு விலக்களிக்கும் நஹ்ல் அத்தியாயத்தின் 106ஆம் வசனத்தை விரிவுரையாளர்கள் இந்நிகழ்ச்சியோடு இணைத்தே விளக்குவர்.

இதனை அடியொற்றி ஃபிக்ஹு அறிஞர்கள் 'இக்ராஹ்' எனும் சட்டப்பிரிவை விரிவாக வகுத்தனர். உயிருக்கோ உறுப்புக்கோ அஞ்சி, விலக்கப்பட்ட உணவை உண்டவன் மீது பாவமில்லை. அவ்வச்சத்தால் பிறர் பொருளை அழித்தால், அழிக்கவைத்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. ஆனால் தன்னுயிர் காக்கப் பிறனுயிரைப் பறிக்கலாகாது என்பதில் அறிஞர் அனைவரும் ஒன்றுபட்டனர். மீறிக் கொன்றுவிட்டால் பழிக்குப்பழி யார்மீது என்பதில்தான் கருத்து வேறுபாடு. மிரட்டியவன்மீது என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). கொன்றவன்மீது என்றார் அவருடைய மாணவர் இமாம் ஸுஃபர் (ரஹ்). இருவர்மீதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து.

1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 94ஆம் பிரிவும் இதே எல்லையில் வந்து நிற்பதைக் காண்கிறோம். உடனடி மரணம் நேரும் என நியாயமாக அஞ்சிச் செய்த செயல் குற்றமன்று. கொலையும், மரண தண்டனைக்குரிய அரசுவிரோதக் குற்றங்களும் மட்டும் இதற்கு விலக்கு. தானாக விரும்பிக் கொள்ளைக் கூட்டத்தில் சேர்ந்தவனும் இச்சலுகையைக் கோர முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 32ஆம் பிரிவிலும் இவ்விதியே தொடர்கிறது.

அச்சட்டமே தரும் உதாரணம் ஒன்று நம் கருத்தைக் கவர்கிறது. கொள்ளையரிடம் அகப்பட்ட கொல்லன் ஒருவன், உயிருக்கு அஞ்சித் தன் கருவிகளால் ஒரு வீட்டின் கதவை உடைத்துத் திறக்கிறான். சட்டம் அவனை மன்னிக்கிறது. அதே கொள்ளையர் அவனிடம் வாளைத் தந்து, உள்ளே உறங்கும் வீட்டுக்காரனை வெட்டச் சொன்னால்? கதவு வரை அவனோடு வந்த சட்டம் அங்கே அவனைக் கைவிடுகிறது. அவனுயிரைப் போன்றதே வீட்டுக்காரனின் உயிரும். ஷரீஅத்தும் தண்டனைச் சட்டமும் இவ்விடத்தில் ஒரே குரலில் பேசுவதை நாம் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.