மனக்கண்ணுக்கு ஒரு அளவுகோல்

சரக்கை நிறுக்கலாம், பணத்தை எண்ணலாம். ஒருவர் மனதுக்குள் ஓடும் காட்சியை எப்படி அளப்பது? நூறு வருடங்களுக்கும் மேலாக நடக்கும் முயற்சி இது.

முதலில் இறங்கியவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். காலையில் சாப்பிட்ட மேசையை நினைத்துப் பார்க்கச் சொல்லி, அது தெளிவாகத் தெரிகிறதா, மங்கலாகவா, நிறம் தெரிகிறதா என்று பலரிடம் எழுதி வாங்கினார். முடிவுகளை 1880-ல் வெளியிட்டார். சிலருக்கு நேரில் பார்ப்பது போலவே தெரிந்தது. சிலருக்கு எதுவுமே தெரியவில்லை! 1909-ல் பெட்ஸ், 1973-ல் டேவிட் மார்க்ஸ் தயாரித்த வினாத்தாள்களும் தெளிவைத்தான் அளந்தன.

1983-ல் கனடாவின் கிரேக் ஹாலும் சக ஆய்வாளரும் இதை உடல் அசைவுக்குக் கொண்டு வந்தார்கள். ஓர் அசைவை முதலில் செய்ய வேண்டும். பிறகு அசையாமல் நின்று அதையே மனதில் செய்ய வேண்டும். எவ்வளவு சுலபமாக வந்தது என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும்.

இதுவரை எல்லாமே திறமையைப் பற்றிய கேள்வி. 1985-ல் ஆலன் பைவியோ கேள்வியையே மாற்றினார். மனக்காட்சியை எதற்காகப் பயன்படுத்துகிறார்கள்? ஆட்டத்தின் நுணுக்கத்துக்கா, ஊக்கத்துக்கா? இதை வைத்து 1998-ல் விளையாட்டு வீரர்களுக்கு 30 கேள்விகள் கொண்ட வினாத்தாள் வந்தது.

ஆனால் உடம்பைக் குறைக்க ஏரோபிக்ஸ் வகுப்புக்குப் போகிறவருக்குப் பதக்கமும் இல்லை, எதிராளியும் இல்லை. வீரர்களின் வினாத்தாள் அவருக்கு எப்படிப் பொருந்தும்? ஹெதர் ஹாசன்பிளாஸ், ஹால் முதலியோர் அந்த வகுப்புக்காரர்களிடமே, மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டார்கள். அந்தப் பதில்களிலிருந்து 1999-ல் 9 கேள்விகள் பிறந்தன. தோற்றம், உற்சாகம், செய்முறை என்று மூன்று பிரிவுகள். அதிகம் பேர் கண்டது தங்கள் தோற்றத்தை! வீரர்களின் தாளை அப்படியே நீட்டியிருந்தால் இது வெளியே வந்திருக்காது. கேட்காத கேள்விக்கு ஏது பதில்? 2005-ல் வந்த 19 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஆரோக்கியம், தன்னம்பிக்கை, பயிற்சி தரும் உணர்வு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. மார்க் போடுபவர் அவரேதான். ஒருவரின் 6 இன்னொருவரின் 4 ஆக இருக்கலாம். விஞ்ஞானிகளுக்கு மனக்காட்சி குறைவு என்று கால்டன் சொன்னதையே 2006-ல் வந்த ஆய்வு மறுத்துவிட்டது. ஆனாலும் இந்த அளவுகோல் தேவைதான். பயிற்சியைப் பாதியில் விடுபவரை மனக்காட்சி மூலம் ஊக்கப்படுத்த வேண்டுமென்றால், அவர் மனதில் ஏற்கனவே என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டுமே!

அடுத்த முறை நடக்கவோ ஓடவோ போகும்போது கவனித்துப் பாருங்கள். உங்கள் மனதில் தெரிவது கண்ணாடியில் நிற்கும் உருவமா, ஓடும் கால்களா?