டாங்காவில் இறங்கிய பாளையங்கோட்டைப் பட்டாளம்

குஜிலியம்பாறையும் அதனைச் சூழ்ந்த எரியோடு, வேடசந்தூர்ப் பகுதிகளும் வானம் பார்த்த பூமி. சோளம், கம்பு, நிலக்கடலை எல்லாம் மழையை நம்பியவை. மழை பொய்த்த ஆண்டில் வீட்டு இளைஞன் பிழைப்புத் தேடி வெளியூர் புறப்படுவது இங்கே புதிதன்று. இன்று அவன் திருப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ செல்கிறான். நூறாண்டுகளுக்கு முன் அவனுக்கிருந்த சில வழிகளுள் பட்டாளமும் ஒன்று. திண்டுக்கல் சீமை முஸ்லிம்களுக்குப் படைத்தொழில் அந்நியமானதும் அன்று. ராவுத்தர் என்னும் பெயரே குதிரைவீரனைக் குறிப்பது. 1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல் கோட்டைக்கு பௌஜ்தாராக வந்தார். அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகம் பெயரால்தான் பேகம்பூர் வழங்குகிறது. 1792 உடன்படிக்கையின் வழியே இச்சீமை திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயருக்குப் போயிற்று.

அந்த ஆங்கிலேயர் 1759-இல் சோழமண்டலக் கரையில் திரட்டிய சிப்பாய்ப் படைகளுள் ஒன்று, பிற்காலத்தில் பாளையங்கோட்டை இலகு காலாட்படை எனப் பெயர் பெற்றது. 1903-இல் படைகளுக்குப் புது எண்கள் இடப்பட்டபோது அது 63-ஆம் பட்டாளம் ஆயிற்று. மதராஸ் மாகாணத்து முஸ்லிம்கள், தமிழ் இந்துக்கள், ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் எனத் தனித்தனிக் கம்பெனிகளாக ஆட்களைச் சேர்ப்பது மதராஸ் காலாட்படைகளின் வழக்கம். சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். தென்னாட்டான் போருக்கு உதவான் என்ற எண்ணம் அக்காலத்து ஆங்கிலத் தளபதிகளிடம் ஊறியிருந்தது. 1880-களில் மதராஸ் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ் பிரபுவே அதனைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். அவர் காலந்தொட்டு மதராஸ் பட்டாளங்கள் கலைக்கப்பட்டன; எஞ்சியவை முக்கியமான போர்களுக்கு அனுப்பப்படாமல் பாசறைகளில் கிடந்தன.

இத்தகைய பட்டாளத்தைத்தான் 1914 அக்டோபர் 16 அன்று பம்பாயில் கப்பலேற்றினார்கள். மேஜர் ஜெனரல் ஐட்கன் தலைமையில் ஏறத்தாழ 8,000 பேர். செல்லுமிடம் ஜெர்மானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்கா, இன்றைய தான்சானியா. அங்கே டாங்கா என்னும் துறைமுகத்தைப் பிடிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கும் மேலான நெருக்கடியான கடற்பயணம். மலையாளக் கரையையும் பார்த்திராத உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அலையே முதல் எதிரி.

இப்பயணத்தில் ஆங்கில நூல்கள் கவனிக்காத ஒரு நாள் உண்டு. அது ஹிஜ்ரி 1332-ஆம் ஆண்டு. கணக்குப்படி துல்ஹஜ் பிறை 10, அக்டோபர் 30 வாக்கில், ஒரு வெள்ளிக்கிழமையை ஒட்டி வருகிறது. கப்பல்கள் அப்போது ஆப்பிரிக்கக் கரையை நெருங்கியிருந்தன. ஹஜ்ஜுப் பெருநாள் கடலிலேயே கழிந்தது. பயணிக்கு ஜும்ஆவும் கடமையில்லை. தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகையும் உண்டு. போர்முனையில் தொழும் முறையை அந்நிஸா அத்தியாயத்தின் 102-ஆம் வசனம் கற்பிக்கிறது. மார்க்கம் இந்தச் சிப்பாய்க்கு எல்லா நிலைக்கும் வழி சொல்லியிருந்தது. அவன் யாருக்காகப் போர் செய்யப் போகிறான் என்பதுதான் சிக்கல்.

நவம்பர் 2 காலை ஃபாக்ஸ் என்னும் போர்க்கப்பல் டாங்காவை நெருங்கிச் சரணடையுமாறு கேட்டது. தாக்குதல் வருகிறது என்று பகைவனுக்கு முன்கூட்டியே அறிவித்தது போலாயிற்று. ஜெர்மானியத் தளபதி லெட்டோவ் ஃபோர்பெக், கிடைத்த அவகாசத்தில் உசாம்பரா இருப்புப்பாதை வழியே உள்நாட்டிலிருந்து படைகளைக் கொண்டுவந்தார். அவரிடம் இருந்தவர்கள் ஆயிரம் பேர் அளவினர். அன்றிரவு ராஸ் கசோனி முனையில் இந்தியப் படைகள் இறங்கத் தொடங்கின. மறுநாள் விடியலில் 13-ஆம் ராஜபுத்திரப் பட்டாளமும் மதராஸ் ஆட்களைக் கொண்ட 61-ஆம் பயனியர் பட்டாளமும் தாக்கிப் பார்த்துப் பின்வாங்கின.

பெருந்தாக்குதல் நவம்பர் 4 அன்று. நண்பகல் வெயிலில், ரப்பர் தோட்டங்களுக்கும் அடர்ந்த புதர்களுக்கும் ஊடே முன்னேறுமாறு கட்டளை. பத்தடிக்கு அப்பால் தன் தோழனே தெரியாத காடு, தாகம், தமிழிலும் உருதுவிலும் கூவினால் காதில் விழாத வெடியோசை. அப்பொழுது இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. 63-ஆம் பட்டாளம் நிலைகுலைந்து ஓடியது. இதை மறைப்பதில் பயனில்லை. அணியில் விழுந்த இடைவெளியால் இடப்பக்கம் நின்ற 101-ஆம் கிரனேடியர் பட்டாளம் பேரிழப்பைச் சந்தித்தது. மரங்களில் இருந்த தேன்கூடுகள் குண்டுபட்டுக் கலைந்தன. தேனீக்கள் இரு தரப்பாரையும் விரட்டிக் கொட்டின. ஜெர்மானியர் திட்டமிட்டுத் தேனீக்களை ஏவினர் என்ற வதந்தி பின்னாளில் பரவியது. தோல்விக்கு எப்படியெல்லாம் காரணம் தேடுகிறார்கள் பாருங்கள்! ஆங்கிலேய லங்காஷயர் படையினரும் காஷ்மீர் ரைஃபிள் படையினரும் நகருக்குள் நுழைந்தும் நிலைக்க முடியவில்லை. நவம்பர் 5 அன்று எல்லாரும் மீண்டும் கப்பலேறினர். கரையில் இயந்திரத் துப்பாக்கிகள், நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள், பல லட்சம் தோட்டாக்கள் விட்டுவரப்பட்டன. 800-க்கும் மேற்பட்டோர் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போயினர். இறந்தவர் மட்டும் ஏறத்தாழ 360 பேர். தோல்விச் செய்தியைப் பிரிட்டிஷ் அரசு சில மாதங்கள் வெளியிடவே இல்லை.

பழி சிப்பாய்கள் மீது விழுந்தது. உளவுப் பிரிவு அதிகாரியாக உடனிருந்த மைனர்ட்ஸ்ஹாகன் தம் நாட்குறிப்பில் இந்தியச் சிப்பாய்களைக் கோழைகள் என இகழ்ந்தார். பல வரலாற்று நூல்கள் அதையே எடுத்தாண்டன. அவருடைய நாட்குறிப்புகளில் புனைவும் பிற்காலத் திருத்தங்களும் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் பின்னர் வெளிப்படுத்தினர். ஒரு தலைமுறைக் காலம் போரறியாமல் வைக்கப்பட்ட பட்டாளத்தை, கடற்பயணக் களைப்புடன், உளவறியாத காட்டில் இறக்கிவிட்டு அதன் வீரத்தை அளப்பது எவ்வகை நியாயம்? ஐட்கனின் பதவியும் பறிபோனது என்பதே பிழை எங்கிருந்தது என்பதைச் சொல்லும்.

நம் உள்ளத்தை உறுத்த வேண்டியது வேறொன்று. டாங்கா ஸ்வாஹிலி முஸ்லிம்களின் ஊர். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மக்கள் அவர்கள்; நம் கடற்கரை ஊர்களின் முஸ்லிம்களைப் போலவே. ஜெர்மானியக் கொடியின் கீழ் நின்ற ஆப்பிரிக்கச் சிப்பாய்களை ‘அஸ்கரி’ என்பர். அவர்களிலும் முஸ்லிம்கள் பலர். அஸ்கரி அரபிச் சொல், சிப்பாய் பாரசீகச் சொல். கலிமாச் சொன்ன இரு கூட்டத்தார், ஐரோப்பாவின் இரு மன்னர்களுடைய பகைக்காக, மூன்றாவதொரு மண்ணில் ஒருவரையொருவர் சுட்டனர். இரு முஸ்லிம்கள் ஆயுதமேந்தி எதிர்ப்படுவதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அறிவோம்.

நவம்பர் 5 வேறொரு வகையிலும் நினைக்கத்தக்க நாள். டாங்காக் கரையை விட்டு அவர்கள் கப்பலேறிய அன்றைக்குத்தான் பிரிட்டன் துருக்கிமீது போர் அறிவித்தது. பம்பாயில் புறப்பட்டபோது ஜெர்மானியருக்கு எதிரான சிப்பாயாக இருந்தவன், திரும்பிக் கப்பலேறும்போது கலீஃபாவின் பகைவனுடைய சிப்பாயாகியிருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை. நவம்பர் 14 அன்று இஸ்தான்பூலில் ஜிஹாது ஃபத்வா அறிவிக்கப்பட்டது. புனிதத் தலங்கள் தாக்கப்பட மாட்டா என்று பிரிட்டிஷ் அரசு உறுதிமொழி அளித்தது. ஹைதராபாத் நிஜாம் உள்ளிட்டோர் அரசின் பக்கமே நின்றனர். அடுத்த பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் 5-ஆம் இலகு காலாட்படையின் முஸ்லிம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். துருக்கியருக்கு எதிராக அனுப்பப்படுவோம் என்ற அச்சமும் அதற்கொரு காரணம். நாற்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர், மக்கள் பார்க்கப் பொதுவெளியில்.

பிரிட்டிஷ் படையில் பணிபுரிவது முஸ்லிமுக்கு ஹராம் என்று அகில இந்திய கிலாஃபத் மாநாடு கராச்சியில் தீர்மானித்தது 1921 ஜூலையில். அத்தீர்மானத்துக்காக மௌலானா முஹம்மது அலீ அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று வால்டேரில் கைதானார். காந்தியடிகளுடன் மதராஸ் நோக்கி வந்த வழியில். ஆனால் டாங்காவுக்கு அது ஏழாண்டு பிந்திவிட்டது. 1914-இன் சிப்பாய்க்கு முன்னிருந்தவை தின்ற உப்பு, ஊரில் காத்திருந்த குடும்பம், மறுத்தால் இராணுவ நீதிமன்றம். அவனைத் துரோகி என்றோ தியாகி என்றோ ஒற்றைச் சொல்லில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. அவனுடைய நிய்யத்தை அல்லாஹ்வே அறிவான்.

அவன் பெயரும் எளிதில் கிடைப்பதில்லை. ஈராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. சாதாரணச் சிப்பாய்கள் எண்ணிக்கையாக மட்டும் குறிக்கப்பட்டனர். ஆசிய, ஆப்பிரிக்கப் படையினர் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேரின் பெயர்கள் எங்குமே இல்லை எனலாம் என்றும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கோரியது.

நம் வீடுகளில் சிலவற்றில் பழைய இரும்புப் பெட்டியின் அடியில் ‘பட்டாளத்துத் தாத்தா’வின் பதக்கம் கிடக்கக்கூடும். முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கத்தில் வட்டமான விளிம்பைச் சுற்றியும், 1914–15 நட்சத்திரப் பதக்கத்தில் பின்புறத்திலும், சிப்பாயின் எண், பதவி, பெயர், பட்டாளம் ஆகியவை ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். தட்டானிடம் உருக்கக் கொடுக்குமுன் அந்த எழுத்துகளை ஒரு தாளில் படியெடுத்து வையுங்கள். போரில் மாண்டவராயின், ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் அப்பெயரைக் கட்டணமின்றித் தேடலாம். ஆங்கில எழுத்தர்கள் நம் பெயர்களைச் சிதைத்தே எழுதினர். ஆகவே ஒன்றுக்கு நான்கு விதமாக எழுத்துக்கூட்டித் தேட வேண்டியிருக்கும்.