காற்று இறங்குகிறது, ஓட்டையைக் காணோம்

குலசேகரம், அருமனை, திற்பரப்புப் பக்கம் விடியுமுன் போனால், ரப்பர் தோட்டங்களில் சிறு விளக்குகள் மரத்துக்கு மரம் நகர்வதைக் காணலாம். பால் வெட்டுகிறவர்கள் தலையில் மாட்டியிருக்கும் விளக்குகள் அவை. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மரத்தின் பட்டையில் நீரழுத்தம் அந்த நேரத்தில்தான் மிகுதியாக இருக்கும். தோட்டத்தின் ஓரத்தில் அவர்களுடைய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றின் பின்சக்கரம் சற்றே சப்பிப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளைக்கு முன்புதான் காற்றடித்தது. ஆணி குத்தவில்லை, முள் ஏறவில்லை. ஆனாலும் காற்று இறங்கியிருக்கிறது.

இந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் டியூப்பைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். “ஒரு குமிழிகூட வரல்லியே அண்ணாச்சி, டியூப்பு நல்லாத்தான் இருக்கு” என்கிறார். அப்படியானால் உள்ளே இருந்த காற்று எங்கே போயிற்று?

இந்தக் கேள்வி மோட்டார் சைக்கிளைவிடப் பழையது. காற்றடைத்த டயரைவிடவும் பழையது. அதைத் தொடங்கிவைத்தது ஒரு பலூன்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் கியர்ஸ்லி மிட்செல் என்ற மருத்துவர் இருந்தார். ரப்பரை ஈதரில் ஊறவைத்து மென்மையாக்கி, அதை ஊதிப் பலூன் செய்வது அவருக்குக் கைவந்த கலை. 1830-ஆம் ஆண்டு வாக்கில் அவர் இந்தப் பலூன்களில் பல வாயுக்களை நிரப்பிப் பார்த்தார். வாயை எவ்வளவு இறுகக் கட்டினாலும் பலூன்கள் சுருங்கின. எல்லாம் ஒரே வேகத்தில் சுருங்கவில்லை. உள்ளே இருந்த வாயுவுக்கேற்ப வேகம் மாறியது. கட்டு தளர்ந்துதான் வாயு போகிறது என்றால் இப்படி ஆளுக்கொரு வேகம் வராது. ரப்பர்ச் சுவரை ஊடுருவியே வாயு வெளியேறுகிறது என்று மிட்செல் கண்டுகொண்டார். சுசீந்திரம் தேர்த்திருவிழாவில் வாங்கிய பலூன் மறுநாள் காலையில் வதங்கிக் கிடப்பதைப் பார்த்து அழாத குழந்தை உண்டா? மிட்செல் பார்த்ததும் அதுதான்.

வாயு எப்படி ஊடுருவுகிறது என்பதை விளக்கியவர் தாமஸ் கிரகாம் என்ற ஸ்காத்லாந்து வேதியியல் அறிஞர். 1866-இல் அவர் வெளியிட்ட அளவுகள் இன்றும் வியப்பூட்டுபவை. நைட்ரஜன் ரப்பரைக் கடக்கும் வேகத்தை 1 என்று வைத்தால், ஆக்சிஜனுக்கு 2.556, ஹைடிரஜனுக்கு 5.5, கரியமில வாயுவுக்கு 13.585. எல்லாவற்றிலும் இலேசான ஹைடிரஜனைக் கனமான கரியமில வாயு முந்துகிறது! நுண்துளைகளின் வழியே வாயு ஒழுகுவதாக இருந்தால் இது நடக்காது. எனவே கிரகாம் வேறு விளக்கம் சொன்னார். சர்க்கரை நீரில் கரைவது போல வாயு முதலில் ரப்பரில் கரைகிறது. பிறகு அதனூடே மெல்ல நகர்ந்து மறுபக்கத்தில் வெளிவருகிறது. கரியமில வாயு ரப்பரில் எளிதாகக் கரையும். அதனால்தான் அதற்கு அந்த வேகம்.

கிரகாம் இன்னொரு வேடிக்கையும் செய்தார். சாதாரணக் காற்றை ரப்பர் சவ்வின் வழியே வெற்றிடத்துக்குள் இழுத்தார். சவ்வைக் கடந்து வந்த காற்றில் ஆக்சிஜன் 41 சதவிகிதத்துக்கு மேல் இருந்தது. அணைந்து கங்காக இருந்த மரக்குச்சி அதில் மீண்டும் பற்றிக்கொண்டது. (இப்போது பெட்ரோல் பங்குகளில் டயருக்கு நைட்ரஜன் நிரப்புகிறார்கள் அல்லவா? வெறுங்காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். கசிவில் ஆக்சிஜன் முந்திக்கொண்டு போய்விடுவதால், காற்றடிக்க அடிக்க டயருக்குள் நைட்ரஜனின் பங்கு தானாகவே கூடுகிறது. காசு கொடுத்து வாங்குவது எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.)

கிரகாம் இதை எழுதியபோது சாலையில் காற்று டயர் ஓடவில்லை. ராபர்ட் தாம்சன் என்பவர் 1845-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ரப்பர் பூசிய துணிக்குழாய்மேல் தோல் உறை போட்டுக் குதிரை வண்டியில் ஓட்டியும் காட்டினார். யாரும் வாங்கவில்லை, உலகம் மறந்துவிட்டது. 1888-இல் பெல்பாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடி கண்டுபிடித்தார். அந்த டயர்கள் சக்கரத்தோடு ஒட்டப்பட்டவை. பஞ்சர் ஆனால் உரித்து எடுத்து, ஒட்டி, காயவைக்க மணிக்கணக்கு ஆகும். 1891-இல் பிரான்சின் மிஷெலின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்த பிறகுதான் வழியோரத்தில் பஞ்சர் ஒட்டுவது என்பதே ஒரு தொழிலாயிற்று. அதே காலத்தில்தான் வால்வும் திருந்தியது. இன்று உங்கள் வண்டியில் இருக்கும் ஸ்ரேடர் வால்வின் காப்புரிமை ஆண்டு 1893.

வால்வு திருந்தியது, டயர் திருந்தியது. டியூப் மட்டும் அதே மரத்து ரப்பர். ஆகவே காற்று கசிந்துகொண்டே இருந்தது. உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். சைக்கிள் வைத்திருந்தவர் என்றால், வாரத்துக்கு ஒருமுறை பம்பு அடித்ததைச் சொல்வார். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போடுவது போல, சைக்கிளுக்குக் காற்று.

ரப்பர் ஏன் இப்படிக் காற்றை விடுகிறது? ரப்பரின் மூலக்கூறு ஐசோபிரீன் என்னும் சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலிகள் ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. கூடையில் அள்ளிய மண்புழுக்களைப் போல நெளிந்துகொண்டே இருக்கின்றன. நெளியும்போது நடுவே இடைவெளிகள் தோன்றி மறைகின்றன. கரைந்த வாயு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவித் தாவி வெளியேறிவிடுகிறது. கவனியுங்கள், ரப்பருக்கு நீளும் குணத்தையும் துள்ளும் குணத்தையும் தருவது இதே நெளிவுதான். துள்ளல் வேண்டும், கசிவு வேண்டாம் என்றால் மரத்து ரப்பரால் முடியாது.

நெளிய மாட்டாத சோம்பேறி ரப்பர் ஒன்று 1937-இல் பிறந்தது. அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் தாமஸ், வில்லியம் ஸ்பார்க்ஸ் என்ற இருவர், எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கிடைக்கும் ஐசோபியூட்டிலீன் வாயுவைச் சுழிக்குக் கீழே ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் குளிரில் சங்கிலியாக்கினார்கள். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்துவதற்குப் பிடி வேண்டும் என்பதற்காக அதில் இரண்டொரு சதவிகிதம் ஐசோபிரீனைக் கலந்தார்கள். அதாவது, மரத்து ரப்பரில் உள்ள அதே கண்ணியைத் தாளிக்கிற கடுகு போலப் போட்டார்கள். இதுதான் பியூட்டைல் ரப்பர். இதன் சங்கிலியில் பக்கத்துக்குப் பக்கம் மீதைல் தொகுதிகள் நெருக்கியடித்து நிற்கின்றன, நெளிய இடமில்லை. காற்றை விடும் அளவு இயற்கை ரப்பரில் பத்தில் ஒரு பங்குதான். சாதாரண வெப்பநிலையில் அதற்கும் குறைவு.

பியூட்டைலில் ஒரு பந்து செய்து தரையில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? ‘தொப்’பென்று விழுந்து கிடக்கும். ரப்பர் மரத்துப் பாலில் செய்த பந்து துள்ளிக் குதிக்கும். காற்றைப் பிடிப்பது துள்ளாத பந்து. துள்ளும் பந்து காற்றை விட்டுவிடும்.

புதிய ரப்பர் பிறந்த நேரம் போர்க்காலம். 1942-இல் மலேயாவும் ஜாவாவும் ஜப்பான் கைக்குப் போயின. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. 1943-இல் பியூட்டைல் ஆலை வேலையைத் தொடங்கியது. இங்கே, நேச நாடுகளுக்கு எஞ்சியிருந்த பெரிய ரப்பர்த் தோட்டங்கள் இலங்கையிலும் திருவிதாங்கூரிலும்தான். அன்று கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்கள் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1-ஆம் நாள்தான் அவை தமிழகத்தோடு இணைந்தன.

இந்த மரங்களே நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவை. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் மூவாயிரத்துக்கும் குறைவானவையே முளைத்தன. கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. 1902-இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தோட்டம் எழுந்தது. பின்னர் குமரியின் மலையடிவாரத்துக்கும் ரப்பர் வந்தது. இலங்கையிலிருந்து மரம் வந்த வழியில் பிற்பாடு மனிதர்களும் வந்தார்கள். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினருக்குக் குமரி மாவட்டத்து அரசு ரப்பர்த் தோட்டங்களில் வேலை கிடைத்தது. 1984-இல் அந்தத் தோட்டங்களை ஏற்று நடத்த அரசு ரப்பர் கழகம் அமைந்தது.

இனி, தோட்டத்து ஓரத்தில் நிற்கும் அந்த மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். அதன் டயரில் மரத்து ரப்பர் இருக்கிறது. சூடேறினாலும் கிழியாமல் தாங்கும் குணத்தில் அதை வெல்வது கடினம். ஆனால் டியூப்பைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ‘பியூட்டைல்’ என்று அச்சிட்டிருக்கும். டியூப் இல்லாத டயர் என்றாலும் உட்பக்கத்தில் பூசியிருப்பது பியூட்டைல் இனமே. பால் வெட்டுகிறவரின் வண்டியில் காற்றைக் காப்பது அவர் வெட்டும் பால் அல்ல, கல்லெண்ணெய். இந்தியாவில் முதல் பியூட்டைல் ஆலை குஜராத்தின் ஜாம்நகரில் அமைந்தது. அதற்கான கூட்டு நிறுவனம் 2012-இல் உருவானது. அதுவரை நமக்குத் தேவையானது முழுவதும் கப்பலில் வந்தது.

எனவே பியூட்டைல் டியூப்பில் இரண்டு நாளில் காற்று இறங்கினால் மிட்செலையும் கிரகாமையும் குறை சொல்ல வழியில்லை. எங்கோ உண்மையான ஓட்டை இருக்கிறது. முதலில் வால்வைப் பாருங்கள். நுனியில் எச்சிலையோ சோப்பு நுரையையோ தடவிக் காத்திருங்கள்; சிறு குமிழி மெல்ல உப்பினால் உள்ளே இருக்கும் வால்வு ஊசியை மாற்றினால் போதும். வால்வின் அடிப்பகுதி டியூப்போடு சேரும் இடத்தையும் மறக்க வேண்டாம். அங்கே குற்றமில்லை என்றால் டியூப்பைக் கழற்றி, டயருக்குள் இருந்த அளவைவிடச் சற்றுப் பெரிதாக ஊதி, பிறகு தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். தளர்ந்த டியூப்பில் ஊசிமுனைத் துளை தானாக மூடிக்கொள்ளும். விரிந்தால்தான் வாய் திறக்கும். நம் கடைக்காரருக்குக் குமிழி தெரியாமல் போனது இதனால்தான் இருக்கும். பார்வையை அவசரப்படுத்தவும் கூடாது. அரை நிமிடத்துக்கு ஒரு குமிழி வந்தாலும் அது கசிவுதான்.

துளை டியூப்பின் உட்பக்கத்தில், அதாவது ரிம்மைத் தொடும் பக்கத்தில் இருந்தால் ஆணியைத் தேட வேண்டாம். கம்பிச் சக்கரங்களில் கம்பி முனைகள்மேல் ஒரு ரப்பர் நாடா உண்டு. குளச்சல், மணக்குடி போன்ற கடலோரத்தில் உப்புக்காற்றும், ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் சேர்ந்து அந்த ரிம்மைத் துருப்பிடிக்க வைக்கின்றன. நாடா இற்றுப்போன இடத்தில் துருச்செதில் டியூப்பை நாள்தோறும் அராவிக்கொண்டிருக்கும். ரிம்மைத் தேய்த்து, நாடாவை மாற்றாமல் ஒட்டுப் போட்டால் அடுத்த மாதம் அதே கடைக்கு அதே வண்டி வந்து நிற்கும்.

ஒட்டுப் போடும்போது கடைக்காரர் அந்த இடத்தை அரத்தால் நன்றாகச் சுரண்டுகிறார் பாருங்கள். பியூட்டைலில் எதுவும் எளிதில் ஒட்டாது. மேல்தோலை எடுத்தாக வேண்டும். பிறகு குழலிலிருந்து சொல்யூஷனைப் பிதுக்கித் தடவி, அது சற்றுக் காய்ந்து பிசுபிசுக்கும் வரை ஊதுகிறார். அந்தச் சொல்யூஷன் பெரும்பாலும் இயற்கை ரப்பரைப் பெட்ரோலிய நாப்தாவில் கரைத்தது. குலசேகரத்து மரம் டியூப்புக்குள் நுழைவது அந்த ஒரு துளி வழியாகத்தான்.